கண்ணாடி எடுக்கப் போனவர்

என் குரலைத் திருடியவர்களின் எண்ணிக்கை, நான் பம்புசெட் விற்ற ஊர்களின் எண்ணிக்கையை எப்போதோ தாண்டிவிட்டது. பெருமையாகத்தான் சொல்கிறேன். திருடுகிற அளவுக்கு ஒரு பொருள் நம்மிடம் இருக்கிறதென்றால் சும்மாவா?

என் பெயர் நாச்சிமுத்து. தலைமுடி கறுப்பாக இருந்த காலம் முழுக்கக் கோயம்புத்தூர் பம்புக் கம்பெனி ஒன்றுக்கு விற்பனைப் பிரதிநிதி. கிணறே இல்லாத ஆளுக்குப் பம்பு விற்றவன். வாங்கித் தொலைத்துவிட்டோமே என்று அந்த மனிதர் அதற்காகவே ஒரு கிணறு வெட்டினார். வந்தது பாருங்கள் தண்ணீர், இன்றைக்கும் பாதித் தாராபுரம் அதில்தான் குளிக்கிறது. நம்பாதவர்கள் தாராபுரம் போய்ப் பார்க்கலாம். பாதிப் பேர் குளித்துவிட்டுத்தான் இருப்பார்கள்.

இப்போது நானும் என் மனைவி சாந்தாமணியும் பேரூர்ப் பக்கம் மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறோம். காலம் கெட்டுக் கிடக்கிறது. போனில் இரண்டு தடவை இருமினால் போதும், அந்த இருமலை வைத்தே முழுக் குரலையும் வார்த்து எடுத்துவிடுகிறார்கள். மாடி வீட்டுக் கர்னலுக்கு ஒருநாள் அவர் குரலிலேயே போன் வந்தது. "நான் ஸ்டேஷன்ல மாட்டிக்கிட்டேன், உடனே பணம் அனுப்புங்க!" கர்னல் நன்றாக யோசித்துவிட்டு, "அப்ப இங்க பேசறது யாரு?" என்று கேட்டாராம்.

நான் இந்த ஏமாற்றுக்காரர்களைத் தொழில்காரன் கண்ணோடு கவனித்திருக்கிறேன். சரக்கு கொஞ்சம்தான். பார்சலில் போதை மருந்து, இன்று சாயங்காலம் கரன்ட் கட், பேங்க் கணக்கு முடக்கம், குலுக்கலில் கார். தபாலில் வந்தால் தங்க நிற ஓரம் போட்ட காகிதம், மெயிலில் வந்தால் அரசாங்க முத்திரை. எதைக் கொடுத்தாலும் ஒரே காகிதத்தில்தான் சுற்றிக் கொடுப்பான்: இப்பவே செய்யணும், யாரிடமும் சொல்லக்கூடாது, லைனைத் துண்டிக்கக்கூடாது. இப்படி அவசரப்படுத்தி நான் ஒரு பம்புகூட விற்றதில்லை. வாடிக்கையாளர் காபி சாப்பிட்டு முடிக்கும்வரை பம்பு என்ற வார்த்தையே என் வாயில் வராது.

இதை நான் ஹெப்சிபா டீச்சரிடம் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். டீச்சர் பக்கத்து வீடு. நாகர்கோவில்காரர், காலேஜில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர்.

"குரலை நம்பக்கூடாது, முகத்தையும் நம்பக்கூடாது. ஆனா களவாண முடியாதது ஒண்ணு இருக்கு, பாத்துக்கிடுங்க," என்றார்.

"என்னுங் டீச்சர் அது?"

"நாம பேசுற விதம். உங்க மச்சினர் கடைசியா எதுக்கு போன் பண்ணுனார்?"

"மக கல்யாணத்துக்குக் கூப்படறதுக்குங்."

"கல்யாணத்தை எப்பம் சொன்னார்?"

யோசித்தேன். மழை பேசினோம். மாடு பேசினோம். என் முழங்கால், அவர் முழங்கால், தக்காளி விலை. "செரிங் மாப்ள, வெச்சிரட்டுங்களா" என்றார். நானும் செரிங் என்றேன். அதற்கப்புறம்தான், "அட, சொல்ல வந்ததையே உட்டுப்போட்டனே" என்று கல்யாணத்துக்கு வந்தார்.

"அதுதான் சங்கதி!" டீச்சர் தொடையில் தட்டிக்கொண்டார். "நம்ம ஆளுவ 'வெச்சிரட்டுமா'வுக்கு அப்புறந்தான் விசயத்துக்கு வருவாங்க. கள்ளனுக்கு அதுக்கு நேரமில்ல. அவன் ஒரு நாளைக்கு ஆயிரம் பேரைக் கவுக்கணும்லா? சாப்டீங்களான்னு கேக்காம விசயத்துக்கு வாறவன் எவனும் சொந்தக்காரன் கிடையாது."

இப்படித்தான் வளவளா பிறந்தது. டிபன் சம்படம் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டுக்கு வரும் போன், மெயில் எல்லாம் முதலில் அதற்குத்தான் போகும். வளவளவென்று பேசினால் பச்சை விளக்கு, மணி அடிக்கும். நேராக விஷயத்துக்கு வந்தால் சிவப்பு விளக்கு, மணி அடிக்காது. உள்ளே இருக்கிற டூப்பு நம் குரலில் பேச ஆரம்பித்துவிடும்.

"டூப்பு விசயத்தை மட்டும் குடுக்காது சார். மத்த எல்லாத்தையும் குடுக்கும். லைனையும் விடாது. அவன் நேரம்தானே அவன் முதலு?"

டூப்புக்கு அவரவர் பேச்சைப் பழக்க வேண்டும். ஒரு மணி நேரம் பேசினால் போதும் என்றார் டீச்சர். நான் மூன்று நாள் பேசினேன். பெட்டி சூடாகி, மேலே அப்பளம் பொரிக்கலாம் போல ஆகிவிட்டது.

முதல் வேட்டையை மறக்க முடியாது. டில்லியிலிருந்து பெரிய அதிகாரி என்று ஒருவன். கணக்கு நம்பர் சொல்லு, இல்லாவிட்டால் கைது. என் டூப்பு பயந்து நடுங்கி, "சொல்றனுங், கொஞ்சம் இருங்க, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்" என்று போயிற்று. வெகுநேரம் கழித்து வந்து, "இது கிட்டப்பார்வைக் கண்ணாடிங், படிக்கற கண்ணாடியை எடுத்துட்டு வரேன்" என்று மறுபடி போயிற்று. நடுநடுவே தாராபுரம் கிணறு. சாயங்காலத்துக்குள் அதிகாரியின் டில்லி கழன்று விழுந்துவிட்டது. "சார், எங்கப்பாருக்கு ஊர்ல ஒரு கெணறு இருக்குங், ரெண்டு எச்.பி. போதுமா?" என்று கேட்டான். போதும் என்று டூப்பு சொல்லிற்று. நான் மூன்று சொல்லியிருப்பேன்.

குடியிருப்பில் சீரியல் பார்ப்பது நின்றுபோனது. சாயங்காலமானால் சாப்பாட்டு ஹாலில் எல்லாரும் கூடி, அன்றன்றைக்குச் சிவப்பில் மாட்டியவர்களின் பதிவைப் போட்டுக் கேட்டோம். கர்னலின் டூப்பு ஒருவனை நிற்க வைத்து 'அட்டென்ஷன்' சொல்லிக்கொடுத்தது. கொஞ்ச நாளில் அதுவும் அலுத்தது. சிவப்பில் யார் வருகிறார்கள் என்று யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் சிந்துஜா தினமும் கூப்பிட ஆரம்பித்தாள்.

சிந்து எங்களுக்கு ஒரே பெண். மெல்போர்னில் பாலம் கட்டுகிற கம்பெனியில் இன்ஜினியர். அவள் பேச்சும் பாலம் மாதிரிதான்: இந்தக் கரை, அந்தக் கரை, முடிந்தது. மாதம் ஒரு தடவை கூப்பிடுவாள். நான் "நல்லாருக்கியா கண்ணு" என்பேன், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று போனை நீட்டிவிடுவேன். ஊரிலுள்ள அப்பன்மார் எல்லாரும் செய்கிற காரியம்தான். அப்புறம் அம்மாவும் மகளும் எதற்காவது சண்டை போட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவள் தினமும் கூப்பிட்டு, "சாப்டீங்களாப்பா? அம்மா என்ன கொழம்பு வெச்சாங்க?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? பச்சை விளக்கு ஜொலித்தது. சாந்தாமணி பகலெல்லாம் சோபாவில் சாய்ந்து மகளோடு பேசினாள். பேசுவதற்கென்று தலை சீவிப் பூ வைத்துக்கொண்டாள். முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. கல்யாணத்தன்று பார்த்ததைவிட அழகாக இருந்தாள் என்று சொன்னால் அடிக்க வருவாள். என்னையும் விடவில்லை சிந்து. "அப்பா, அந்தத் தாராபுரம் கதை சொல்லுங்களேன்" என்பாள். பெற்ற மகள் கேட்டுச் சொல்லாமல் இருக்க முடியுமா?

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு மத்தியானம் மழை, முழங்கால், தக்காளி எல்லாம் பேசி முடித்தாள்.

"சரிப்பா, வெச்சிரட்டுமா?"

"செரி கண்ணு."

"அட, சொல்ல வந்ததையே மறந்துட்டேன். நம்ம பொள்ளாச்சித் தோப்புப் பத்திரத்தைப் புதுசாப் பதியணுமாம்ப்பா. உங்க போன்ல இப்ப ஒரு பக்கம் வரும். கட்டைவிரலை மட்டும் வெச்சிருங்க."

ஆகா, என்ன நேரம் பார்த்து வந்தாள் விஷயத்துக்கு! என் ரத்தமல்லவா என்று கண் கலங்கிவிட்டது. பக்கம் வந்தது. கட்டைவிரலை இறக்கினேன். மணிக்கட்டில் நறுக்கென்று ஓர் அடி. நிமிர்ந்தால் சாந்தாமணி, கையில் தோசைக் கரண்டி.

"வெரலை எடுங்."

போனை என் கையிலிருந்து பிடுங்கி, "கண்ணு, அடுப்புல வேலை கெடக்குது. நீ பீர்க்கங்காத் தோல் தொவையல் அரச்சுப் பாரு, என்ன?" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள்.

"அது சிந்து இல்லீங்."

"பச்சை எரியுதே!"

"டீச்சரோட பெட்டியைப் பத்தி அவனுகளுக்குத் தெரியாமயா இருக்கும்? அவனுகளும் வளவளன்னு பேசக் கத்துக்கிட்டானுக. மிசினு பேசுது. மிசினுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. நாஞ் சொன்ன எதுக்கும் எதுத்துப் பேசலை. நீங்களும் நானும் பெத்த பொண்ணு அப்படியா?"

எனக்கு வாய் பிளந்துகொண்டது. "தெரிஞ்சுமா மூணு வாரம் பேசுன?"

"பேசுனா என்னவாமா? நாஞ் சொல்றதை முழுசாக் கேட்டுச்சு. நடுவுல டிவியைப் பாக்கலை, பேப்பரை விரிக்கலை. தோப்பு உங்க பேர்ல இருக்குது, என்கிட்ட எதைப் புடுங்கும்? உங்ககிட்ட வரும்னு தெரியும். அதுதான் நீங்க பேசறப்பல்லாம் கரண்டியோட பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். மூன்று வாரமாகக் கரண்டியோடு நின்றாள். தோசைதான் ஒருநாளும் வரவில்லை.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "ஏனுங். அப்ப நம்ம சிந்து எங்கீங்? மாசம் ஒருக்காத்தானே கூப்படுவான்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். மாசம் தாண்டிப் போச்சே?"

டீச்சரைக் கூப்பிட்டோம். அவர் வந்து எங்கள் பெட்டியின் சிவப்புப் பக்கத்தைத் திறந்தார். சிந்துவின் நம்பர் வரிசையாக நின்றது. முதல் பதிவை ஓடவிட்டார்.

"அப்பா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. நான் மாசமா இருக்கேன். டாக்டர் எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க. அம்மாவை உடனே அனுப்புங்க. டிக்கெட் லிங்க் அனுப்பிருக்கேன், இப்பவே அமுக்குங்க, ப்ளீஸ்."

சிந்துவுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்காமல் போயிருந்தது. மூன்று மாதம் தாண்டும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிவைத்ததே சாந்தாமணிதான்.

டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டார். "அவசரம். ரகசியம். லிங்க்கு. மூணும் இருக்கே சார். பெட்டி வேற என்னத்தை நினைக்கும்?"

பதிவில் என் குரல் பேசியது. "அப்படியா கண்ணு! கொஞ்சம் இரு, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்."

அப்புறம் சத்தமில்லை. சிந்து மூச்சு விடுவது மட்டும் கேட்டது. "அப்பா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "அப்பா?" டீச்சர் அந்த இடத்தை ஓட்டிவிடக் கை நீட்டினார். சாந்தாமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முழுசாகக் கேட்டோம். டூப்பு திரும்பி வந்து, இது கிட்டப்பார்வைக் கண்ணாடி என்று சொல்லிவிட்டு மறுபடி போனதையும் கேட்டோம்.

அடுத்த நாளும் கூப்பிட்டிருக்கிறாள். மாப்பிள்ளை கூப்பிட்டிருக்கிறார்; அவருக்குத் தாராபுரம் கிணறு முழுசாகக் கிடைத்திருக்கிறது. 'அவசரம்' என்று தலைப்புப் போட்ட மெயில்கள் குப்பையில் கிடந்தன. அப்புறம் வந்த பதிவுகளில் அவள் டிக்கெட்டைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். "இன்னிக்கு எந்த ஊர்ப்பா?" என்கிறாள். டூப்பு காங்கேயம் சொல்கிறது, உடுமலை சொல்கிறது. படுத்தபடியே சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எல்லாம் என் கதைகள்தான்.

கடைசிப் பதிவு முந்தின நாள் வந்தது.

"பயமா இருக்குப்பா."

"பயப்படாதே கண்ணு. இரு, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்."

"மெதுவா எடுத்துட்டு வாங்க," என்றாள் சிந்து. "நான் இங்கதான் இருக்கேன்."

என்னால் அந்த அறையில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. போனை எடுத்து, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த அவள் நம்பரை நானே அழுத்தினேன். எடுத்தாள்.

"சிந்து, அப்பா பேசறேன்."

 அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்:

"கண்ணாடி கெடச்சுதாப்பா?"

"கண்ணு, நான் நெசமான அப்பா."

"டூப்பு அப்படித்தான் சொல்லும்."

கிணறில்லாதவனுக்குப் பம்பு விற்ற வாய் என்னுடையது. தண்ணீர்ப் பஞ்சத்தில், குடமே காலியாகக் கிடந்த தெருவில் நின்று விற்றிருக்கிறேன். அன்றைக்கு அது திறக்க மறுத்தது. என்ன சொல்லி நான் நான்தான் என்று நிரூபிப்பது? திக்கித் திணறி, பழக்கதோஷத்தில் வந்து விழுந்தது:

"இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

மெல்போர்னிலிருந்து ஒரு கூச்சல் வந்தது பாருங்கள். "அம்மா! அம்மா! அப்பா வந்துட்டாரும்மா!"

சாந்தாமணி ஒரே அழுகையும் சிரிப்புமாகப் போனை வாங்கினாள். சிந்து சொல்வது பக்கத்திலிருந்த எல்லாருக்கும் கேட்டது. "பெட்டியைப் பத்தி அப்பா பெருமையா மெயில் போட்டிருந்தாருல்ல, அது டூப்புன்னு ரெண்டாவது நாளே தெரியும்மா. அப்பா என்னிக்குப் போனை உங்ககிட்டக் குடுக்காம இருந்திருக்காரு? வேற யாருகிட்டயாவது சொல்லலாம்னா, மூணு மாசம் ஆகலையே. படுத்தே கெடக்கறனா, அதுபாட்டுக்குக் கதை சொல்லுச்சு, நானும் கேட்டுட்டிருந்தேன். கண்ணாடி எடுக்கப் போனாலும் திரும்பி வந்துருதும்மா."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அதே ஜன்னலைத்தான் பார்த்தேன். ஒரு ஜன்னலில் இரண்டு பேர் பார்க்கிற அளவுக்கு வெளியே ஒன்றுமில்லை.

சாந்தாமணி அந்த வாரமே விமானம் ஏறினாள். பைக்கில் சுற்றித் தேய்ந்த முதுகை வைத்துக்கொண்டு அத்தனை நேரம் உட்கார முடியாது என்பதால் நான் ஏறவில்லை. கிளம்புவதற்கு முன் டீச்சர் பெட்டியைத் திருத்தினார். இனிமேல் சிவப்புக்கும் மணி அடிக்கும்.

"நெசமாவே ஆபத்துல இருக்கவனும் நேராத்தான் விசயத்துக்கு வருவான். அதை நான் விட்டுட்டேன்," என்றார். "பெட்டி சந்தேகம் மட்டும் படட்டும். சந்தேகம்னா வெச்சிட்டு, நமக்குத் தெரிஞ்ச நம்பருக்கு நாமளே கூப்பிட்டுக் கேப்போம். அம்புட்டுத்தான்."

"இதுக்குப் பெட்டி எதுக்குங் டீச்சர்?" என்று கேட்டுவிட்டு சாந்தாமணி கார் ஏறினாள். டீச்சர் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பொய் சிந்து இப்போதும் தினமும் கூப்பிடுகிறது. நான் வைப்பதில்லை. மகளோடு பேசுவதற்கு அதனிடம்தான் ஒத்திகை பார்த்துக்கொள்கிறேன். தோப்பைப் பற்றி அது ஆரம்பித்தால் நான் பம்பைப் பற்றி ஆரம்பிப்பேன். போன வாரம் ஐந்து எச்.பி.க்கு விலை கேட்டது. கிணறுகூட இல்லை அதற்கு.

நிஜ சிந்துவை நான்தான் கூப்பிட்டேன், ஒவ்வொரு நாளும். போனைக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. சாந்தாமணி அந்தப் பக்கம் இருந்தாள். கேட்டால், "எனக்கு வேலை கெடக்குது, நீங்களே பேசுங்" என்பாள். முதல் வாரம் கதைகளை ஓட்டினேன். "இது டூப்பு சொன்னதுதான்ப்பா, புதுசா ஏதாவது சொல்லுங்க," என்றாள். இருந்ததையெல்லாம் அந்தப் பாழாய்ப்போன பெட்டிக்கு மூன்று நாளில் கொட்டிக் கொடுத்துவிட்டேனே! வேறு வழியில்லாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். பாலம் எப்படிக் கட்டுவது என்று கேட்டேன். சொன்னாள். பாலம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மாதங்கள் ஓடின. ஒருநாள் காலை, காபிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. சிவப்பு விளக்கு. ஓடிப்போய் எடுத்தேன்.

"அப்பா, பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்கோம். வீடியோவுல வாங்க, காட்டறேன்."

சாப்டீங்களா இல்லை, முழங்கால் இல்லை. நேராக விஷயம். வீடியோவைத் திறந்தேன். திரையில் இளஞ்சிவப்பாக ஏதோ ஒன்று மங்கலாக நெளிந்தது. சட்டைப் பையைத் தடவினேன். கண்ணாடி இல்லை. மேஜையில் இல்லை. கட்டில் பக்கம் இருக்க வேண்டும்.

"இரு கண்ணு, கண்ணா..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். அங்கேயே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும்.

"தெரியுதாப்பா?"

"பளிச்சுன்னு தெரியுது கண்ணு! மூக்கு அப்படியே என்னுது. என்னைப் பாத்துச் சிரிக்குது பாரு! இப்ப என்னமோ பேச வாயெடுத்துச்சு!"

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எரியட்டும். பொய் ஒன்று போய்க்கொண்டுதான் இருந்தது, இந்தப் பக்கத்திலிருந்து.